பத்து நாள் பழைய செய்தி: ஓர் இன்ட்ராநெட் அப்கிரேடுக்குப் பிறகு நடந்தவை

எங்கள் நிறுவன ஊழியர்கள் மட்டும் பார்க்கும் உள்தளமான இன்ட்ராநெட்டின் முகப்பில் நான்கு செய்திப் பெட்டிகள் உண்டு. முதல் பெட்டியில் ரிசர்வ் வங்கியின் அறிவிப்புகள், அவர்களுடைய ஆர்எஸ்எஸ் ஃபீட் (மற்றக் கணினிகள் தாமாக எடுத்துக்கொள்ள ஒரு தளம் வெளியிடும் செய்திப் பட்டியல்) வழியாக வருகின்றன. இரண்டாவதில் எங்கள் தலைமை அலுவலகச் சுற்றறிக்கைகள். மூன்றாவது எச்ஆர் சர்வரிலிருந்து வருவது. நான்காவதில் எந்தச் சேவை எப்போது நிற்கும் என்ற ஐடி பிரிவின் தகவல். கடன் கொடுக்கும் வேலை என்பதால் முதல் பெட்டிக்குத் தனி மதிப்பு. கிளைகளில் இருப்பவர்கள் காலையில் கணினியைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பார்கள். புதிதாக ஒன்று வந்திருந்தால் கவுன்டரில் முதல் ஆள் வருவதற்குள் படித்துவிடுவார்கள். பெயர் சொல்ல வேண்டாம், நடுத்தர அளவிலான நிதி நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இன்ட்ராநெட் பல ஆண்டுகளாக சென்ட்ஓஎஸ் 6 என்ற இயங்குதளம் கொண்ட சர்வரில், பிஎச்பி 5.3 என்ற நிரல்மொழியில், வேர்ட்பிரஸ் 3.4 என்ற தள மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. சென்ட்ஓஎஸ் 6-க்கு 2020 நவம்பர் 30-உடன் பாதுகாப்பு பேட்ச்கள் நின்றுவிட்டன. உள்ளுக்குள் மட்டும் ஓடுவதுதானே என்று அப்புறமும் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டோம். கடைசியில் 2023 ஆயுத பூஜை விடுமுறையைக் குறிவைத்தோம். அக்டோபர் 20 வெள்ளி இரவு ஆரம்பித்தால் சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என நான்கு நாட்கள் கையில் இருந்தன. புதிய சர்வரில் ராக்கி லினக்ஸ் 9 இயங்குதளம், அதனுடன் வரும் பிஎச்பி 8.0, வேர்ட்பிரஸ் 6. பதினோரு ஆண்டு இடைவெளியை ஒரே தாண்டலில் கடந்தோம்.

பிஎச்பி 8-ல் நீக்கப்பட்ட பழைய ஃபங்ஷன்களால் முதல் நாள் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. அவற்றைத் தேடி மாற்றுவது பெரிய சிரமமாக இல்லை, பிழைச் செய்தியே கோப்பையும் வரியையும் சொல்லிவிடும். செவ்வாய் மாலைக்குள் முகப்பு திறந்தது, உள்நுழைவு வேலை செய்தது, நான்கு பெட்டிகளிலும் செய்திகள் தெரிந்தன. பக்கம் முன்பைவிட வேகமாகவும் திறந்தது. புது சர்வரின் பலன் என்று நினைத்தோம். அந்த வேகத்துக்கு வேறொரு காரணமும் இருந்ததை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

தலைப்பு மட்டும் காணோம்

புதன் காலை ஒன்பதரைக்கு முதல் புகார் வந்தது. இரண்டாவது பெட்டியில் சில சுற்றறிக்கைகளுக்குத் தலைப்பே இல்லை. புள்ளி இருக்கிறது, தேதி இருக்கிறது, தலைப்பு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. மூன்றாவது பெட்டியிலும் அப்படியே. ஆங்கிலத் தலைப்பு ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. தமிழ்த் தலைப்புகளிலும் எல்லாம் போகவில்லை, சில நன்றாகத் தெரிந்தன.

தமிழ் மட்டும் கெடுகிறது என்றாலே நம் ஆட்களின் மனம் முதலில் போகும் இடம் எழுத்துரு, அடுத்தது டேட்டாபேஸ் என்கோடிங், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை. நாங்களும் அங்கேதான் போனோம். என்னுடன் வேலை பார்க்கும் இளைஞர், "அண்ணா, டேபிள் எல்லாம் பழைய யுடிஎஃப்8-ல இருக்கு, எம்பி4-க்கு மாத்திடலாம்" என்றார். ஒரு நகலில் மாற்றிப் பார்த்தோம். எந்த வித்தியாசமும் இல்லை. இன்னொரு டம்ப் (முழு நகல்) எடுத்து வேறு அமைப்பில் ஏற்றினோம், அதிலும் அப்படியே. புதனும் வியாழனும் இதில் போயின.

போயிருக்கவே கூடாது. காலியாகத் தெரிந்த வரியின் தேதியைச் சொடுக்கினால் உள்ளே முழுச் சுற்றறிக்கையும் சுத்தமான தமிழில் திறந்தது, தலைப்பும் பெரிய எழுத்தில் இருந்தது. அதாவது டேட்டாபேஸில் எழுத்து நன்றாகவே இருக்கிறது, முகப்பில் காட்டும்போதுதான் தொலைகிறது. புதன் காலையிலேயே கண்ணில் பட்ட இந்தத் தடயத்துக்கு நாங்கள் உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு தாளை எடுத்து, தெரியும் தலைப்புகளை ஒரு பக்கமும் தொலைந்த தலைப்புகளை மறுபக்கமும் எழுதினேன். சிறிய தலைப்பு எதுவும் தொலையவில்லை. நீளமானவற்றில்தான் சில தப்பின, சில தப்பவில்லை. நீளம் என்றதும் நினைவு வந்தது: தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நிரலான தீமில் தலைப்பை வெட்டிக் காட்டும் ஒரு வரி உண்டு. திறந்து பார்த்தால், தலைப்பின் முதல் 100-ஐ மட்டும் எடுக்கும்படி சப்ஸ்டர் ஃபங்ஷன். அதற்குப் பிறகு, ஆபத்தான குறிகளைப் பாதுகாப்பாக மாற்றித் தரும் எச்டிஎம்எல்-ஸ்பெஷல்-சார்ஸ் ஃபங்ஷன்.

சப்ஸ்டர் எண்ணுவது கணினிச் சேமிப்பின் சிறு அலகான பைட்டை, எழுத்தை அல்ல. யுடிஎஃப்-8 என்கோடிங்கில் ஆங்கில எழுத்துக்கும் இடைவெளிக்கும் ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்க்கு மூன்று, அதன் மேல் ஏறும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ தனியாக மூன்று. 'வட்டி' என்ற மூன்றெழுத்துச் சொல்லில் வ, ட, புள்ளி, ட, இகரக் குறி என ஐந்து குறியீடுகள், மொத்தம் 15 பைட்.

இரண்டு உண்மையான தலைப்புகளை எண்ணிக் காட்டுகிறேன். "தீபாவளி முன்பணம் பெற விரும்பும் ஊழியர்கள் கவனத்திற்கு" என்பது முதலாவது. தீபாவளி 21 பைட், இடைவெளியுடன் 22. முன்பணம் சேர்ந்து 46, இடைவெளி 47. 'பெற' முடியும்போது 56, இடைவெளி 57. 'விரும்பும்' 87-ல் முடிகிறது, இடைவெளி 88. மிச்சம் 12 பைட். 'ஊழிய' என்பதற்கு ஊ, ழ, இகரக் குறி, ய என நான்கு குறியீடு, சரியாக 12. கத்தி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விழுகிறது. தலைப்பு தப்பித்தது.

அடுத்தது, "வட்டி விகித மாற்றம் பற்றிய தலைமை அலுவலகச் சுற்றறிக்கை". வட்டி 15, இடைவெளி 16. விகித 31, இடைவெளி 32. மாற்றம் 53, இடைவெளி 54. பற்றிய 72, இடைவெளி 73. தலைமை 88, இடைவெளி 89. மிச்சம் 11. 'அலு' என்பதற்கு ஒன்பது போய்விடும். மீதி இரண்டு பைட், அடுத்து வரும் 'வ'வுக்கு மூன்று வேண்டும். கத்தி அந்த 'வ'வின் உடம்பிலேயே இறங்குகிறது.

கணக்காகச் சொன்னால், 100-ஐ மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. வெட்டும் இடத்துக்கு முன்னால் இடைவெளியோ எண்ணோ ஒன்று, நான்கு, ஏழு என்று அமைந்தால் தமிழ்த் தலைப்பு பிழைக்கும். ஐந்தோ ஆறோ அமைந்தால் பிழைக்காது. நீளமான தலைப்புகளில் தோராயமாக மூன்றில் ஒன்றுதான் தப்பும். என் தாளில் எழுதிய பட்டியலுடன் ஒப்பிட்டேன், ஒன்றுவிடாமல் பொருந்தியது. இரண்டு நாள் இருட்டில் தடவிய பிறகு அந்தப் பொருத்தத்தைப் பார்த்தபோது வந்த நிம்மதியை எழுதிக் காட்டத் தெரியவில்லை.

இதே வெட்டு பழைய சர்வரிலும் பத்து ஆண்டுகளுக்கு மேலாக நடந்ததுதான். அப்போது ஏன் தலைப்பு தொலையவில்லை? பிஎச்பி 5.3-ல் எச்டிஎம்எல்-ஸ்பெஷல்-சார்ஸ், எதுவும் சொல்லாவிட்டால், தனக்கு வருவது மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். அந்த முறையில் எந்த பைட்டும் தப்பில்லை, எனவே உடைந்த 'வ'வை அப்படியே வெளியே விடும். திரையில் தலைப்பின் கடைசியில் ஒரு சின்னக் கேள்விக்குறிக் கட்டம் தெரியும், யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 5.4-லிருந்து அந்த இயல்பு யுடிஎஃப்-8 ஆக மாறியது. அதன்படி ஒரு பைட் உடைந்திருந்தாலும் முழு வரியும் செல்லாது, திரும்பி வருவது வெற்று வரி. 8.1-ல் இதை மறுபடி தளர்த்தி, உடைந்த இடத்தில் மட்டும் ஒரு மாற்றுக்குறி போடும்படி செய்தார்கள். எங்களுக்குக் கிடைத்த 8.0 அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

தமிழில் தளம் நடத்தும் எல்லாரும் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன். பைட்டுக்குப் பதில் குறியீட்டை எண்ணும் எம்பி-சப்ஸ்டர் போட்டால் தலைப்பு தொலையாது. ஆனால் அதுவும் தமிழை வெட்டும். 'வங்கி' என்ற சொல்லில் இரண்டாவது குறியீட்டுடன் நிறுத்தினால் திரையில் நிற்பது 'வங'. புள்ளி போய்விட்டது, அது தமிழே இல்லை. நாங்கள் முதலில் எம்பி-சப்ஸ்டர் போட்டு, இதைப் பார்த்துவிட்டு, எழுத்தை எழுத்தாக எண்ணும் கிராஃபீம்-சப்ஸ்டருக்கு மாறினோம். அதற்கு இன்ட்ல் என்ற நீட்சியைத் தனியாக நிறுவ வேண்டும். 'சுற்றறிக்கை' என்பது பைட்டில் 33, குறியீட்டில் 11, அதன் கணக்கில் 6. பள்ளியில் எண்ணச் சொன்னால் நாமும் ஆறு என்றுதானே சொல்வோம்.

வெள்ளி மாலை அந்தத் திருத்தத்தை ஏற்றினோம். தலைப்புகள் எல்லாம் திரும்பி வந்தன. ஃபீட் பிரச்சினை முடிந்தது என்று புகார் டிக்கெட்டை மூடினேன்.

திங்கட்கிழமை அழைப்பு

அக்டோபர் 30 காலை ஒரு கிளை மேலாளர் அழைத்தார். அனுபவம் மிகுந்தவர், காரணமில்லாமல் அழைக்க மாட்டார். "சார், ரிசர்வ் வங்கி அறிவிப்பு ஒண்ணு போன வாரமே வந்திருக்கு. வேற இடத்துல வேலை பார்க்கிற என் சிநேகிதி சொல்லித்தான் எனக்குத் தெரியுது. நம்ம பக்கத்துல காணோமே?"

"இருங்க மேடம், பார்க்கிறேன்" என்று முகப்பைத் திறந்தேன். முதல் பெட்டியில் பத்துத் தலைப்புகள், அழகாக, வரிசையாக. மேலே இருந்ததன் தேதி அக்டோபர் 20. அதாவது நாங்கள் பழைய சர்வரை நிறுத்திய வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் ஒன்றுமே வரவில்லை. மூன்றாவது, நான்காவது பெட்டிகளும் அதே தேதியில் நின்றிருந்தன. இரண்டாவது மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது, ஏனென்றால் அது எங்கள் டேட்டாபேஸிலிருந்து நேரடியாக எடுப்பது. அது தினமும் மாறியதால்தான் மற்ற மூன்றும் நின்றது யார் கண்ணிலும் படவில்லை.

பத்து நாட்கள். கிளைகளில் அத்தனை பேரும் பத்து நாள் பழைய பட்டியலை இன்றைய பட்டியல் என்று நம்பிப் பார்த்திருக்கிறார்கள். காலியாக இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்கள், தலைப்பு காலியானபோது ஒன்பதரைக்கே கேட்டார்களே. இந்த விஷயம் என்னை மிகவும் உறுத்தியது. தொழில்நுட்பக் கோளாறுகளை எல்லாம்விட இதையே இந்த நிகழ்வின் முக்கியமான பிழையாக நான் கருதுகிறேன்.

காரணம் தீமில் இருந்த மூன்று வரிகள். ஃபீட் கிடைத்தால் காட்டு, ஒரு நகலைச் சேமித்து வை. கிடைக்காவிட்டால் சேமித்த நகலைக் காட்டு. இதை எழுதியவர் எங்களை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார், அன்றைக்கு இணைப்பு அடிக்கடி அறும், அரை மணி நேரம் பழைய செய்தி தெரிவதில் தப்பில்லை. ஆனால் அந்த நகல் எவ்வளவு பழையது என்று அவர் எங்கும் காட்டவில்லை, கிடைக்காததற்கான பிழையை லாகில் (சர்வரின் பதிவேட்டில்) எழுதவும் இல்லை.

பிழையை லாகில் எழுத வைத்ததுதான் நான் செய்த முதல் வேலை. அது வந்ததும் மூன்று பெட்டிகளுக்கும் மூன்று வெவ்வேறு கதைகள் இருப்பது தெரிந்தது. ஒன்றைத் திறந்தால் அதற்குப் பின்னால் அடுத்தது நின்றது.

சர்வரே சர்வரைத் தடுத்தது

முதலில் மூன்றுக்கும் ஒரே பிழை: வேறு முகவரிகளிலிருந்து தகவலை எடுத்து வரும் கர்ல் என்ற கருவியின் பிழை எண் 7, இணைக்க முடியவில்லை, அனுமதி மறுப்பு. நெட்வொர்க் பிரிவில் கேட்டோம், ஃபயர்வால் திறந்திருக்கிறது என்றார்கள். சர்வரின் கட்டளைத் திரையில் கர்ல் போட்டால் ரிசர்வ் வங்கி ஃபீட் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து விழுந்தது. வேர்ட்பிரஸ் கேட்டால் மட்டும் மறுப்பு.

பிழைச் செய்தியின் கடைசி இரண்டு சொற்களில்தான் விடை இருந்தது. வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் நம் தகவல் பாக்கெட்டை விழுங்கினால் காத்திருந்து காத்திருந்து நேரம் முடிந்தது என்று வரும். எதிர் சர்வரில் கேட்க ஆள் இல்லையென்றால் இணைப்பு நிராகரிக்கப்பட்டது என்று வரும். அனுமதி மறுப்பு என்றால் பாக்கெட் வாசலைத் தாண்டவே இல்லை, நம் சர்வர் இயங்குதளத்தின் மையமான கர்னலே நிறுத்திவிட்டது என்று பொருள். எஸ்இலினக்ஸ், லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்புக் காவல்.

பழைய சர்வரில் யாரோ எஸ்இலினக்ஸை அணைத்து வைத்திருந்தார்கள். புதியதில் இயல்பாகவே இயங்கியது, நாங்களும் அப்படியே விட்டோம், அது சரியான முடிவுதான். ஆனால் இயல்பு அமைப்பில் வெப் சர்வரும் பிஎச்பி நிரல்களை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் தாமாக வெளியே இணைப்புத் தொடங்கக் கூடாது. கட்டளைத் திரையில் நாம் போடும் கர்லுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எனவே அங்கே சோதித்து 'நெட்வொர்க் நன்றாக இருக்கிறது' என்று சொல்வது வேறு ஓர் ஆளின் சாட்சியம். ஆடிட் லாகைத் திறந்தால் பிஎச்பி-எஃப்பிஎம் பெயரில் மறுப்பு வரிகள், வெள்ளி இரவிலிருந்து, ஆயிரக்கணக்கில்.

பக்கம் வேகமாகத் திறந்ததன் ரகசியமும் இங்கேதான். பழைய சர்வர் மூன்று ஃபீட்களையும் போய் எடுத்து வரும், அதற்கு ஓரிரு விநாடி ஆகும். புதியதில் மறுப்பு உடனே வந்ததால் காத்திருக்கவே தேவையில்லாமல் போயிற்று.

"எஸ்இலினக்ஸை அணைச்சுட்டா முடிஞ்சுதுண்ணா" என்றார் இளைஞர். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. இதற்கென்றே எச்டிடிபிடி-கேன்-நெட்வொர்க்-கனெக்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை மட்டும் திறந்தோம். முதல் பெட்டி உடனே உயிர் பெற்றது. மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாக் கிளைகளுக்கும் விடுபட்ட அறிவிப்புகளின் பட்டியலை அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்பினோம்.

புதன்கிழமை கர்னல் பேட்ச் போட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். பெட்டி மறுபடி நின்றது. சுவிட்சை நிரந்தரமாக்கும் குறியைக் கொடுக்காமல் திறந்திருந்தோம், ரீஸ்டார்ட்டில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. லாக் எழுத ஆரம்பித்திருந்ததால் இந்த முறை பத்து நிமிடத்தில் தெரிந்தது.

உள்வீட்டு முகவரிகள்

எச்ஆர், ஐடி பெட்டிகள் இன்னும் வரவில்லை. அவற்றின் பிழை இப்போது மாறியிருந்தது: சரியான முகவரி தரப்படவில்லை என்கிறது வேர்ட்பிரஸ். முகவரியை நான்கு பேர் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம். ப்ரௌசரில் போட்டால் திறக்கிறது.

முகவரியில் தப்பில்லை, அது இருக்கும் இடம்தான் வேர்ட்பிரஸுக்குப் பிடிக்கவில்லை. 2013-ல் வந்த பதிப்புகளிலிருந்து, ஃபீட் போன்றவற்றை எடுக்கும்போது வேர்ட்பிரஸ் அந்த முகவரி எந்த ஐபிக்கு (கணினியின் எண் முகவரிக்கு) போகிறது என்று பார்க்கிறது. 10-ல் தொடங்குவது, 192.168-ல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 127-ல் தொடங்குவது எல்லாம் உள்நெட்வொர்க் முகவரிகள். தளத்தின் சொந்த முகவரியாக இல்லாவிட்டால் அவற்றை மறுத்துவிடும். பொதுவெளியில் ஓடும் ஒரு வேர்ட்பிரஸிடம் யாரோ ஒரு முகவரியைக் கொடுத்து 'இதை எடுத்து வா' என்று சொல்லி, அதன் முதுகில் ஏறி உள்ளே இருக்கும் சர்வர்களைத் துழாவிவிடக் கூடாது என்பதற்கான காவல் இது. அவசியமான காவல். இன்ட்ராநெட்டில்தான் எல்லாமே உள்முகவரியாக இருப்பதால் வீட்டுக்காரரையே வாசலில் நிறுத்துகிறது. நாங்கள் 3.4-ல் தங்கிவிட்டதால் இந்தக் காவலைச் சந்திக்கவே இல்லை.

எங்கள் சர்வர்களை அனுமதிக்க வேர்ட்பிரஸ் ஒரு ஃபில்டர், அதாவது அதன் முடிவை நம் நிரலால் மாற்றும் வழி, வைத்திருக்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று எழுதினால் ஒரே வரியில் முடியும், காவலும் முடிந்துபோகும். ஒரு சின்ன பிளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் நிரல்) எழுதி, எச்ஆர் சர்வர், ஐடி சர்வர் என்ற இரண்டு பெயர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம். தீமில் போடாமல் பிளக்இன்னாகப் போட்டது நாளை தீம் மாறினாலும் இருக்கட்டும் என்றுதான்.

ஐடி பெட்டி அப்போதும் வரவில்லை, அதே பிழை. காரணம் போர்ட், அதாவது சர்வரில் ஒரு சேவையின் வாசல் எண். 80, 443, 8080 என்ற மூன்று போர்ட்களை மட்டும் வேர்ட்பிரஸ் பாதுகாப்பானவை என்று ஏற்கிறது. ஐடி பெட்டிக்கு ஃபீட் தரும் எங்கள் டிக்கெட் மென்பொருள் 8090-ல் ஓடுகிறது. ஐபி தப்பென்றாலும் போர்ட் தப்பென்றாலும் ஒரே வாசகம்தான் வருகிறது என்பதால் முதல் திருத்தம் வேலை செய்யவில்லை என்று நினைத்து ஒரு மணி நேரம் அதையே நோண்டினோம். 5.9-லிருந்து போர்ட்டுக்கும் தனி ஃபில்டர் உண்டு. சேர்த்தோம், வந்தது.

எச்ஆர் பெட்டிக்கு மூன்றாவது பூட்டும் இருந்தது: கர்ல் பிழை எண் 60, சர்டிஃபிகேட்டை (சர்வரின் அடையாளச் சான்றை) வழங்கியவர் யாரென்று தெரியவில்லை. எச்ஆர் சர்வருக்கு எங்கள் சொந்த சிஏ (சர்டிஃபிகேட் வழங்கும் அமைப்பு) கையெழுத்திட்ட சர்டிஃபிகேட். அந்த சிஏவை ராக்கி லினக்ஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தோம். கட்டளைத் திரையில் கர்ல் ஓடியது. வேர்ட்பிரஸில் ஓடவில்லை. இங்கேயும் அதே பாடம்: வேர்ட்பிரஸ் ஓஎஸ் (இயங்குதள) பட்டியலைப் பார்ப்பதே இல்லை, தன்னுடனே ஒரு சிஏ பட்டியலைக் கொண்டு வருகிறது. அந்தக் கோப்பில் எங்கள் சிஏவை ஒட்டலாம், ஆனால் அடுத்த அப்கிரேடில் கோப்பு மாற்றி எழுதப்படும். எனவே எச்ஆர் சர்வருக்குப் போகும் கோரிக்கைக்கு மட்டும் ஓஎஸ் பட்டியலைப் பயன்படுத்து என்று அதே பிளக்இன்னில் சொன்னோம். சரிபார்ப்பையே அணைத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. சம்பளம், விடுப்பு பற்றிய அறிவிப்புகள் வரும் வழி அது. அணைக்கவில்லை.

கிளை டிவிகள்

இத்தனைக்கும் நடுவில் கிளைகளின் ஊழியர் அறைகளில் சுற்றறிக்கைகளை ஓடவிடும் டிவிகளும் நின்றிருந்தன. அவை எங்கள் இன்ட்ராநெட் வெளியிடும் ஃபீடைப் படிப்பவை. கிளைக்காரர்கள் டிவியில் கோளாறு என்று நினைத்து டிவி பராமரிப்பவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது.

ஃபீடின் மூல வரிகளைத் திறந்ததும் பளிச்சென்று தெரிந்தது. ஃபீட் எழுதப்படும் வடிவமான எக்ஸ்எம்எல்லின் அறிவிப்புதான் முதல் வரியாக இருக்க வேண்டும், அதற்கு மேலே தடித்த எழுத்தில் ஒரு பிஎச்பி எச்சரிக்கை உட்கார்ந்திருந்தது. தீமில் ஒரு ஃபங்ஷன்: முதல் அளபுருவுக்கு (உள்ளீட்டுக்கு) இயல்பு மதிப்பு உண்டு, இரண்டாவதுக்கு இல்லை, கட்டாயம் தர வேண்டும். இந்த வரிசை இனி கூடாது என்று 8.0-லிருந்து பிஎச்பி எச்சரிக்கிறது. சாதாரணப் பக்கத்தில் அந்த எச்சரிக்கை மேல் பட்டைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. ஃபீடில் அந்த ஒரு வரியே போதும், படிக்கும் கருவி மொத்தத்தையும் நிராகரித்துவிடும். அப்கிரேடுக்காகப் பிழைகளைத் திரையில் காட்டும் டீபக் வசதியை ஆன் செய்திருந்தோம், அப்புறம் அணைக்கவில்லை. அணைத்தோம், ஃபங்ஷனையும் திருத்தினோம். அன்று மதியமே டிவிகள் ஓடின.

பெட்டியின் கீழ் ஒரு சிறிய வரி

பழைய நகலைக் காட்டும் அந்த மூன்று வரிகளை எடுத்துவிடலாமா என்று எங்களுக்குள் பேசினோம். எடுக்கவில்லை, இணைப்பு இன்றும் அறுகிறது. ஆனால் ஒவ்வொரு பெட்டியின் கீழும் 'கடைசியாகப் பெற்றது' என்று நாளும் நேரமும் காட்ட ஆரம்பித்தோம். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் அந்த வரி சிவப்பாகும், பக்கத்திலேயே மூலத் தளத்துக்கு இணைப்பும் வரும். எங்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வரும்.

எந்த நேரத்தைக் காட்டுவது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசிச் செய்தியின் தேதியை வைத்தால், விடுமுறையில் புதிதாக எதுவும் வராதபோதும் சிவப்பாகி எல்லாரையும் பயமுறுத்தும், நாளடைவில் யாரும் மதிக்க மாட்டார்கள். வெற்றிகரமாகப் போய்க் கேட்ட நேரத்தைத்தான் வைக்க வேண்டும். கேட்கும்போது 'முன்பு பார்த்ததிலிருந்து எதுவும் மாறவில்லை' என்று 304 பதில் வந்தால் அதுவும் வெற்றிதான், நேரம் புதுப்பிக்கப்பட வேண்டும். எங்கள் முதல் வடிவில் 304-ஐத் தோல்வி என்று எண்ணிவிட்டோம், ஒரு ஞாயிறு முழுக்க எச்ஆர் பெட்டி சிவப்பாக இருந்தது. திருத்தினோம்.

சோதனை முறையையும் மாற்றினோம். இப்போது எந்த அப்கிரேடுக்குப் பிறகும் ஐடி சர்வரின் ஃபீடில் ஒரு சோதனைத் தலைப்பைப் போட்டு, அது முகப்பில் வந்து சேர்கிறதா என்று ப்ரௌசரில் பார்க்கிறோம். அந்தத் தலைப்பு தமிழில், நூறு பைட்டைத் தாண்டும் நீளத்தில், அந்த நூறு பைட்டுக்குள் ஐந்து இடைவெளிகளோடு இருக்கும். வட்டி விகித மாற்றம் பற்றிய அதே தலைப்புதான்.

டிசம்பரில் ஒரு காலை, எங்களுக்கு வர வேண்டிய மின்னஞ்சலே தாமதமாகி இருந்த நேரத்தில், அதே கிளை மேலாளர் அழைத்தார். "சார், முதல் பெட்டி நேத்து சாயங்காலம் 5.40-லயே நிக்குது, சிவப்பா இருக்கு. நான் அவங்க தளத்துலயே போய்ப் பார்த்துட்டேன், புதுசா ஒண்ணும் இல்ல. நீங்க பார்த்துக்கோங்க." முந்தைய மாலை மாற்றிய ஒரு ஃபயர்வால் விதிதான் காரணம். கால் மணி நேரத்தில் சரிசெய்து, அவரைத் திரும்ப அழைத்துச் சொன்னேன். "ஆமா சார், இப்போ 9.25-னு காட்டுது" என்றார்.